மீனுக்கு மட்டும் வளரும் இதயம்

என் மகனே,

அடுத்த மாதம் கொழும்பில் என் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் "எனக்கென்ன, நல்லா இருக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. எழுத்தில் அப்படிச் சொல்ல வரவில்லை. முன்பள்ளியின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் டீச்சர் என்று கேட்டிருந்தார்கள். சிறுவர் பாட்டு ஒன்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது உனக்கான கடிதமாக வந்துகொண்டிருக்கிறது. வரட்டும். பிள்ளையைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு இருக்கிற தாய்மார் இந்த மன்னார்த் தீவில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

அன்று நடந்ததை அப்பா உனக்கு இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு அதற்கு மேல் சொல்ல வராது. முழுவதையும் நான் சொல்கிறேன். விடிந்து எழும்பியதிலிருந்து கீழ்த்தாடை உளைந்துகொண்டே இருந்தது. பல் வலி என்று நினைத்தேன். பிறகு இடது தோள் கனத்தது. சோளகக் காற்றில் நின்று துணி காயப்போட்டதால் வந்த பிடிப்பு என்று நினைத்தேன். வயிற்றைப் பிரட்டியது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. நெஞ்சு என்ற சொல் மனதுக்குள் வரவேயில்லை. மாரடைப்பு என்றால் ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றுதான் படங்களில் பார்த்திருக்கிறேன். பெண்களுக்குத் தாடையிலும் முதுகிலும் வயிற்றிலும்கூட அது காட்டும் என்று டொக்டர் சொன்னபோது காலம் கடந்திருந்தது. இதைப் படிக்கிற பெண்கள் இந்த ஒரு பத்தியையாவது மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

என்னோடு படிப்பிக்கிற மற்ற டீச்சர் அன்று பயிற்சி ஒன்றுக்காக மன்னார் ரவுணுக்குப் போயிருந்தார். நான் தனியே. பிள்ளைகள் பாட்டுக்கு வட்டமாக நின்றார்கள். காகம் பறப்பதைக் காட்டக் கையைத் தூக்கப் போனேன். கை எழவில்லை. குத்து என்று ஒன்றும் இல்லை. நனைந்த மணல் மூட்டையை யாரோ மெல்ல மெல்ல நெஞ்சில் இறக்கி வைப்பதுபோல ஒரு பாரம். முகமெல்லாம் வேர்வை. பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் உட்காரப் பார்த்து, முடியாமல் பாயில் சரிந்தேன். அந்த நேரத்தில் என் உயிரைப் பற்றிய பயம் வரவில்லை. படலை திறந்து கிடந்தது. வெளியே தலைமன்னார் றோட்டு. பஸ்கள் அந்த நேரான றோட்டில் எப்படிப் பறக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ இந்த ஊரில் ஒரு நாளும் இருந்ததில்லை. பக்கத்து வளவில் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. ஒரு பிள்ளை வெளியே ஓடினாலும் கூப்பிட்டுத் தடுக்க என்னிடம் குரல் இல்லை. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "எல்லாரும் படுங்கோ... கண்ணை மூடுங்கோ" என்றேன். அவர்கள் அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். ஒவ்வொருவராக என்னைச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி என் வயிற்றில் தலையை வைத்துப் படுத்தாள். "டீச்சரும் மூடுங்கோ" என்றாள். நான் மூடவில்லை. மூடினால் பிறகு திறக்காது என்று தோன்றியது. கூரை இடுக்கில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி கிடந்தேன். எனக்கு முதலில் மூச்சு முடியுமா, இவர்களுக்கு முதலில் பொறுமை முடியுமா என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிஸ்மியா வந்தது கடவுள் செயல் என்று அப்பா சொல்வார். நிஸ்மியாவும் அதைத்தான் சொல்வாள், அவளுடைய சொல்லில். அவளைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முஸ்லிம்கள் எல்லோரும் ஒரேயடியாக வெளியேற்றப்பட்ட நேரத்தில், தாய் தகப்பனோடு இந்தத் தீவைவிட்டுப் புத்தளத்துக்குப் போனவள். அங்கேயே வளர்ந்து, கலியாணம் கட்டி, சண்டை முடிந்த பிறகு புருஷனோடு திரும்பி வந்தாள். நாங்கள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து வந்து இறங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். சொந்த ஊரிலேயே வழி கேட்டு நடந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அவளுடைய மகள் என்னிடம் படிக்கிறாள். அன்று பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க வந்திருக்கிறாள். வாசலில் நின்று, "என்ன இது, ஒரு சத்தத்தையும் காணல்ல" என்று சிரித்தபடி எட்டிப் பார்த்தவள், அத்தனை பிள்ளைகளும் நடுவில் நானும் அசையாமல் கிடப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடிவந்து என் கன்னத்தைத் தட்டினாள். "டீச்சர்! டீச்சர், என்ன செய்து? அல்லாஹ்வே, மொகமெல்லாம் வெளிறிப் போய்க் கெடக்கே!" நான் கண்ணால் படலையைக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. முதலில் போய்ப் படலையைச் சாத்திக் கொளுவிவிட்டு வந்தாள். பிறகுதான் ஓட்டோ ஓடுகிற புருஷனுக்குப் போன் எடுத்தாள். "ஆள் ஏத்தியிருந்தா எறக்கிட்டு வாங்க. கேள்வி கேக்காம வாங்க." மற்றத் தாய்மார் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போகும்வரை அவள் அங்கேயே இருந்து அவர்களுக்குக் கதை சொல்லியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவளுடைய புருஷன் பாரூக் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பின் சீற்றில் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அயல் வீட்டுப் பெண் ஒருத்தி. றோட்டில் எங்கும் நிற்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கத்திக்கொண்டு ஓட்டினார். "டீச்சர், கண்ண மூடப்படாது. ஏதாச்சும் பேசுங்க. கலிமா சொல்லுங்க... இல்ல இல்ல, நீங்க உங்கட மாதாவக் கூப்பிடுங்க. மடு மாதா, மடு மாதா எண்டு சொல்லிக்கிட்டே வாங்க." நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அவர்தான் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் "மடு மாதா, மடு மாதா" என்று எனக்காகச் சொல்லிக்கொண்டு போனார். இப்போது அதை நினைத்துச் சிரிக்கிறேன். அன்று அந்தக் குரல் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று இருந்தது.

மன்னாரில் இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மீன்பிடிக்கப் போன அப்பா கடலில் நின்றார். கரைக்கு வந்து வலையை இறக்கும்போது சொல்லியிருக்கிறார்கள். உடுத்த சாரத்தோடு, காலில் செருப்பில்லாமல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். தாடியில் உப்புக் காய்ந்து வெள்ளையாக இருந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, என்னைத் தொடவும் பயந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டனியே?" என்று கேட்டார். முப்பது வருடத்துக்குக் கிட்ட என்னோடு வாழ்ந்த மனிதருக்கு அந்த நேரத்தில் அந்த ஒரு கேள்விதான் கிடைத்தது. அடுத்த நாள் எக்கோ என்கிற பரிசோதனை செய்தார்கள். திரையில் கறுப்பும் வெள்ளையுமாக என் இதயம் அசைந்தது. ஒரு பக்கம் சுருங்கி விரிகிறது, கீழ்ப் பக்கத்தில் ஒரு இடம் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெண் டொக்டர் விரலால் காட்டினார். "இந்த இடத்துக்கு இரத்தம் கிடைக்கேல்ல அம்மா. அந்தத் தசை செத்திட்டுது."

"மருந்து எடுத்தாத் திரும்ப வளருமோ டொக்டர்?"

"இல்லை அம்மா. மனிசருக்கு அது வளராது. அந்த இடத்தில தழும்புதான் வரும். இருக்கிற மிச்சத்தை நாங்கள் காப்பாத்த வேணும்."

செத்திட்டுது என்ற சொல்லை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் உயிரோடு இருக்கிற என் உடம்புக்குள்ளே ஒரு இடம் செத்துக் கிடக்கிறது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றுக்கும் பயம். குனிந்து கூட்டப் பயம். கிணற்றடியில் வாளியைத் தூக்கப் பயம். இடது பக்கம் சரிந்து படுக்கப் பயம். படுத்தால் காதுக்குள் அடிக்கிற சத்தம் கேட்கிறது, அதைக் கேட்கவும் பயம், அது கேட்காமல் போய்விடுமோ என்றும் பயம். உன் மாமி வந்து பகிடி விட்டபோது சிரிப்பு வந்தது. சிரிப்பை இடையில் நிறுத்திவிட்டேன். அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கிணற்றடிக்குப் போனால் பின்னாலே வந்து, வேலியைத் திருத்துகிறவர்போல நிற்பார். அங்கே திருத்த வேலியே இல்லை. இப்படி ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டு இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தோம்.

உனக்குத் தெரியும், நான் பயந்த பெண்ணாகப் பிறக்கவில்லை. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு படகில் ராமேஸ்வரக் கரைக்குப் போனவள். தலைக்கு மேலே ஹெலி சுற்றியபோது மற்றவர்கள் அழுதார்கள், நான் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தேன். முகாமில் ஒரே அறையில் உன்னைப் பெற்று வளர்த்தேன். சண்டை முடிந்து, திரும்பிப் போகலாம் என்று வந்தபோது, நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய். "நீங்க போங்கோ அம்மா, நான் படிச்சு முடிச்சிட்டு வர்றேன்" என்றாய். நீ பேசும் தமிழில் பாதி எங்களுடையது, பாதி நீ பிறந்த மண்ணுடையது. 'வாறன்' என்பதும் 'வர்றேன்' என்பதும் உன் வாயில் சண்டையில்லாமல் இருக்கும். திருச்சியில் விமானம் ஏறும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். நீ படித்து முடித்தாய், வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன் என்றாய். மீனின் இதயத்தைப் படிக்கிறேன் என்றாய்.

முதல் தடவை நீ அதைச் சொன்னபோது எனக்கு உன்னை நினைத்தே பயமாக இருந்தது. "மீனுக்கு மயக்கம் கொடுத்து, நெஞ்சுப் பக்கம் சின்னதாத் திறந்து, இதயத்தில நுனியில ஒரு துண்டு வெட்டி எடுப்போம் அம்மா" என்றாய். சோற்றில் குழம்பு விடுவதைப்போலச் சொன்னாய். நான் பெற்ற பிள்ளையின் கையா இது என்று நினைத்தேன். அப்பா சிரித்தார். "மீன் பிடிக்கிற குடும்பத்தில பிறந்தவன் மீனை வெட்டாம ஆட்டையே வெட்டுவான்?" என்றார். எங்கள் மீனை நாங்கள் சாப்பிடத்தான் வெட்டுகிறோம், நீ வெட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் விடுகிறாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வரிக்குதிரை மீன் என்று நீ சொன்ன பெயரைக் கேட்டு ஒரு பெரிய மீனை நினைத்திருந்தேன். படம் அனுப்பினாய். என் சின்ன விரல் அளவுகூட இல்லை, நீளவாட்டில் நீலக் கோடு போட்ட ஒரு பொடி மீன். இதற்குள்ளே இதயம் எவ்வளவு இருக்கும், அதில் நீ எதை வெட்டுவாய் என்று அன்றைக்கு நினைத்துவிட்டு மறந்துபோனேன்.

ஆஸ்பத்திரியால் வந்து சில கிழமைக்குப் பிறகுதான் அது ஞாபகம் வந்தது. நான்தான் கேட்டேன். "மகன், அந்த மீன்ர கதையை இன்னொருக்காச் சொல்லு." நீ தயங்கினாய். நோயாளிக்கு இதைச் சொல்லலாமா என்று யோசித்திருப்பாய். பிறகு சொன்னாய். வெட்டிய இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். மீன் கொஞ்ச நேரம் அடியில் கிடந்துவிட்டு நீந்தத் தொடங்கும். பிறகு இதயத்தைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறை விழித்துக்கொள்ளும். காயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தசைக் கலங்கள், நீ செல் என்று சொல்பவை, அதுவரை அடித்துக்கொண்டிருந்தவை, கட்டுக் குலைந்து, குஞ்சுப் பருவத்தில் இருந்ததுபோல மாறி, ஒன்று இரண்டாகப் பிரிந்து, அந்தப் பள்ளத்தை நிரப்பும். உறைந்த கட்டி கரைந்துபோகும். இரண்டு மாதம் போனால் வெட்டியது தெரியாது, பழையபடி முழு இதயம் அடிக்கும் என்றாய். பொரித்துக் கொஞ்ச நாளான குஞ்சு ஒன்றின் வீடியோவும் அனுப்பினாய். கண்ணாடிபோல உடம்பு, உள்ளே ஒரு சிவந்த புள்ளி துடிக்கிறது. அப்பாவும் நானும் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அப்பா சத்தமில்லாமல் என் நெஞ்சைப் பார்த்தார்.

"அப்ப எங்களுக்கேன் இல்லை?" என்று கேட்டேன்.

"அதைத்தான் அம்மா தேடுறம். பிறந்த எலிக்குஞ்சுக்குக் கொஞ்ச நாளைக்கு அந்தச் சக்தி இருக்கு. பிறகு விட்டுப் போயிடுது. ஏன் விட்டுப் போகுது, திரும்ப எழுப்பலாமா எண்டு தெரியல்ல."

"என்ர காலத்தில வருமோ?"

லைன் போய்விட்டது என்று நினைத்து "ஹலோ" என்றேன். "இருக்கிறன் அம்மா" என்றாய். பிறகு, "இல்லை அம்மா. உங்கட காலத்தில வராது. வந்திடும் எண்டு சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனா வராது" என்றாய். உன் குரல் உடைந்திருந்தது. நான் போனை வைத்துவிட்டு அழுதேன். அப்பாவுக்கு உன்மேல் கோபம். "வரும் எண்டு சொன்னா இவனுக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஊரில் எல்லோரும் "ஒண்டும் இல்லை, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்கள் போன பிறகு என் பயத்தோடு நான் தனியே இருப்பேன். நீ சொன்ன அன்றைக்கு அந்தப் பயத்துக்குள் உன்னையும் கண்டேன். துணைக்கு ஒரு ஆள் வந்ததுபோல இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் அப்பா ஓரா மீன் கொண்டு வந்தார். வலையிலிருந்து நேரே வந்தது. எத்தனை வருடமாக மீன் வெட்டுகிறேன், குடலோடு சேர்த்து வழித்து எறிவதைத் தவிர உள்ளே எதையும் பார்த்ததில்லை. அன்று செவுளைத் தூக்கி, தொண்டைக்குக் கீழே தேடினேன். இருந்தது. மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புக் கட்டி. மீன் செத்துவிட்டது, அது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. அப்பா ஓடி வந்தார், எனக்குத்தான் ஏதோ என்று. "என்னப்பா? நெஞ்சு நோகுதே?" நான் மீனைக் காட்டினேன். இரண்டு பேரும் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மீன் சமைக்கவில்லை. சம்பலும் சோறும் சாப்பிட்டோம்.

இந்த மீன் கதையை நான் முன்பள்ளித் தாய்மாருக்கும் சொன்னேன். அதில் ஒருவர் உருகிப்போய், "நாங்களும் அப்பிடித்தான் டீச்சர். எங்களை எவ்வளவு வெட்டியும் திரும்ப முளைச்சு வந்திட்டம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பேச்சுத்தான். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள்ளே ஏதோ உறுத்தியது. நிஸ்மியா எதுவும் சொல்லாமல் பிள்ளையின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் தனியே சொன்னாள். "எங்கட வாப்பா புத்தளத்துல மௌத்தாகும் வரைக்கும் இங்கத்த ஊட்டுச் சாவிய இடுப்புல வெச்சிருந்தாரு டீச்சர். நாங்க வந்து பாத்தா கதவும் இல்ல, நிலையும் இல்ல. அது முளைக்கல்ல. நாங்க வேற ஊடு கட்டினம்." அவள் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. நீயும் ஊரைப் பற்றி யாராவது இப்படி அழகாகப் பேசினால் கொஞ்சம் யோசித்துப் பார். உன் மீனுக்கு வளர்கிறது. எங்களுக்குத் தழும்பு. தழும்பு இருப்பதால்தான் இதயம் வெடித்துப் போகாமல் நிற்கிறது என்று டொக்டரும் சொன்னார். ஆனால் அது அடிக்காது. அடிக்கிற வேலையை மற்ற இடங்கள்தான் சேர்த்துச் செய்ய வேண்டும்.

அந்த மற்ற இடங்களுக்கும் ஆபத்து என்பது கொழும்பில்தான் தெரிந்தது. இரத்தக் குழாய்களைப் பார்க்க அஞ்சியோகிராம் செய்தார்கள். குளிர் அறை. சுற்றி எல்லோரும் சிங்களம். எனக்குச் சிங்களம் என்றால் ஆமிக்காரரின் செக்பொயின்றில் கேட்ட நாலு சொல். கட்டிலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன், குளிரா பயமா என்று எனக்கே தெரியவில்லை. தலைமாட்டில் நின்ற நேர்ஸ் மிஸ்ஸி என் நெற்றியில் கை வைத்து, "பய வென்ன எப்பா, அம்மா" என்றாள். பயம், அம்மா. இரண்டு சொல் விளங்கியது. அது போதுமாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை, நானும் விடவில்லை. முடிந்த பிறகு பெரிய டொக்டர் தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். மூன்று குழாயிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி. காலிலிருந்து இரத்த நாளம் எடுத்து நெஞ்சில் தைப்பார்கள். அதற்காகக் கொஞ்ச நேரம் இதயத்தை நிறுத்தி வைத்து, இரத்தத்தை மெஷின் ஓட்டும். பிறகு மறுபடி அடிக்க வைப்பார்கள். நிறுத்தி வைப்பது. இந்தச் சொல்தான் என்னைத் தின்கிறது. நிறுத்திய இதயம் மறுபடி அடிக்க மறந்துபோனால்? "அப்பிடி நடக்கிறது மிகக் குறைவு" என்கிறார்கள். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்பது ஒரு முன்பள்ளி டீச்சருக்கும் தெரியும்.

போன ஞாயிறு நீ கேட்டாய்: "அம்மா, நான் வரட்டா?" நான் "யோசிச்சுச் சொல்றன்" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அகதியாகப் பதிந்திருக்கிற நீ ஒருமுறை அந்த நாட்டைவிட்டு வெளியேறினால், மறுபடி உள்ளே விடுவார்களோ தெரியாது. ஆய்வு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உன் பேராசிரியர் மிச்சத்தை வெளியில் இருந்தே எழுதலாம் என்கிறார், ஆனால் அதற்கும் உறுதி இல்லை. அப்பா என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவன்ர படிப்பைக் குழப்பாதை. நான் இருக்கிறன்தானே." உன் மாமியும் அதையேதான் சொன்னாள். "தாய் எண்டா பிள்ளைக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாது" என்றாள். எனக்கும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. கவலைப்படாதே, உன் வேலையைப் பார், மாதா காப்பாற்றுவார் என்று எழுதி முடித்தால் எல்லோரும் நல்ல தாய் என்று சொல்வார்கள்.

ஆனால் நான் ஒரு மகளாகவும் இருந்தவள். உன் அம்மம்மாவை நீ கண்டதில்லை. நாங்கள் படகு ஏறியபோது அவர் வர மறுத்துத் தன் ஊரான இலுப்பைக்கடவையிலேயே நின்றுவிட்டார். வருடக்கணக்காக, அங்கிருந்து முகாமுக்கு யாராவது வந்தால் ஓடிப்போய்க் கேட்பேன். எல்லோரும் ஒரே செய்தியைத்தான் கொண்டு வருவார்கள்: "அம்மா நல்லா இருக்கிறா. உங்களைக் கவலைப்பட வேண்டாமாம்." ஒருமுறை வந்தவர் அதைச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார், அம்மா இறந்து மாதக்கணக்கு ஆகிறது என்று. நெடுநாள் படுக்கையில் கிடந்திருக்கிறார். கிடந்தபடியே ஆளுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார், நல்லா இருக்கிறன் என்று. சண்டைக்குள் நான் திரும்பி வந்துவிடுவேன் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் வா என்று அவர் கேட்டிருந்தால், வர முடியாமல் போயிருந்தாலும், அவர் என்னைக் கேட்டார் என்பதாவது எனக்கு மிஞ்சியிருக்கும். கடைசியில் என்னிடம் மிஞ்சியது, என் தாய் நலமாக இருக்கிறார் என்று நம்பி நான் சிரித்துக்கொண்டிருந்த நாட்கள்தான். அந்த நாட்களை நான் உனக்குத் தர மாட்டேன்.

ஆகவே கேள். அவர்கள் என் இதயத்தை நிறுத்தி வைக்கிற நேரத்தில், கதவுக்கு வெளியே அப்பா தனியே நிற்பார். சிங்களம் தெரியாது, டொக்டர்மாரிடம் கேள்வி கேட்கத் தெரியாது, சாப்பிட்டனியே என்று கேட்க ஆளும் இருக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நின்ற இதயம் எப்படி மறுபடி அடிக்கத் தொடங்கும் என்று அவருக்கு நீ சொல்லிக்கொடு. உனக்கே பயம் வந்தால் அதையும் அவரிடம் சொல், அவர் தாங்குவார். நான் கண் விழித்தால் தமிழில் ஒரு குரல் கேட்க வேண்டும். விழிக்காவிட்டால் அப்பாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். இதனால் உன் ஆய்வு குழம்பினால் என்மேல் கோபப்படு. உயிரோடு இருந்து அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் மீன்களை நல்ல கையில் ஒப்படைத்துவிட்டு வா, ராசா. எனக்குப் பயமாக இருக்கிறது. வா.

உன் அம்மா